தலை வைத்த கை

கேக் மேல் பெயர் எழுதுகிறவளின் கை ஒரு பகல் தூக்கத்தில் விழுந்துவிட்டது. அடியும் இல்லை, வலியும் இல்லை. படுக்கும்போது நன்றாக இருந்த வலது கை, எழுந்து பார்த்தால் மணிக்கட்டோடு மடங்கித் தொங்குகிறது. விரல்களை நீட்டு என்றால் நீட்ட மாட்டேன் என்கிறது. அன்றிரவு பேக்கரிக்குப் போய்க் கிரீம் பையைப் பிழிந்தாள். பை நழுவி, யார் வீட்டுக் குழந்தையின் பெயரோ பாதியில் கோழி கிளறின மாதிரி ஆனது. முதலாளி திட்டவில்லை. சரியானதும் வாங்க என்று சொல்லிவிட்டு, அவள் கண்முன்னாலேயே பையை இன்னொருத்தி கையில் கொடுத்தார்.

அவள் கணவர் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் மூட மாட்டார், ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கையை நீட்டச் சொன்னார் டாக்டரம்மா, நீட்டினாள். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார், முடியவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொன்னார், அதுவும் முடியவில்லை. உள்ளங்கையில் ஊசி முனை பட்டதும் சுருக்கென்றது. புறங்கையில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் குத்தியபோது, குத்துகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பிறகு கையில் ஒயர்களை ஒட்டி மெல்லிய மின்சாரத்தை அனுப்பினார்கள். மேல்கை வரை வந்த மின்சாரம் அங்கேயே தொலைந்து போனது.

மேல்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது, அதன்மேல் பாரம் ஏறி நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நாற்காலி முதுகில் கையைத் தொங்கப் போட்டுத் தூங்குவீர்களா? இல்லை. குடித்துவிட்டு அசையாமல் கிடக்கிற வழக்கம் உண்டா? டிரைவர் பதறிப் போய் அவளுக்காகத் தானே இல்லை என்றார். டாக்டரம்மா சிரித்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் இது வருமாம், துணைவர் தலையை விடிய விடியக் கைமேல் வாங்கிக்கொண்டு படுப்பதால்.

டிரைவருக்கு வெட்கம் வந்தது, ஒட்டியிருந்த நாக்கும் விடுபட்டது. இவள் ராத்திரி வேலைக்குப் போய்க் காலையில் வருகிறாள், நான் காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறேன், எங்கள் வீட்டில் கட்டிலுக்குத்தான் ஓய்வே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று விளக்கம் சொன்னார். டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது.

"ஆனா இது தினமும் ஏறுற பாரம். அதுவும் சின்னப் பாரம் இல்ல. வளந்த ஆளோட தலை மாதிரி."

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் தொங்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டைத் தூக்கி நிறுத்த ஒரு பட்டையும், தூங்கும்போது கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஒரு வாரும் கொடுத்தார்கள். பாரம் நின்றால் நரம்பு சில வாரங்களில் பிழைத்துக்கொள்ளும், நிற்காவிட்டால் செத்துவிடும், அப்புறம் கை இப்படியே நின்றுவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

வளர்ந்த ஆள். அந்தச் சொல் டிரைவரின் காதுக்குள் குடியேறி வாடகை கொடுக்காமல் உட்கார்ந்துகொண்டது. பகலில் என் கட்டிலில் வளர்ந்த ஆள் யார்? மாவு மூட்டை இறக்குகிறவனா? மாடியில் வேலை வெட்டி இல்லாமல் கிதார் வாசிப்பவனா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், டிரைவர் கண்ணுக்குத் தாடி வைத்தவனெல்லாம் அவனாகத் தெரிந்தான். பஸ்ஸில் ஏறிய தாடிக்காரர்களைக் கண்ணாடியில் முறைத்துப் பார்த்து, ஒரு நிறுத்தத்தையே விட்டுவிட்டுப் போய்ப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனைவியிடம் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டுவிட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

அடுத்த முறை போனபோது கை இன்னும் மோசமாகியிருந்தது. டாக்டரம்மா டிரைவரைத் தனியாக வெளியே அழைத்து, பாரம் நிற்கவில்லை என்று மட்டும் சொன்னார். மறுநாள் டிரைவர் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

நல்ல மத்தியானம். தெருவில் வெயில் காய்ந்தது. வாசலில் வேறு செருப்பு இல்லை. சாவியைச் சத்தமில்லாமல் திருகி உள்ளே போனார். வேலை நின்ற பிறகும் பகல் தூக்கத்தை விடாத அவள், திரை இழுத்துவிட்ட அறையில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டையும் வாரும் நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வலது கை கட்டிலின் குறுக்கே நீண்டு கிடந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அலமாரி, குளியலறை, கட்டிலுக்கு அடி என்று எல்லா இடத்திலும் பார்த்தார். தன்னைத் தானே திட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தார்.

மேல்கையின் சதை அமுங்கியிருந்தது. ஒரு தலை அளவுக்குப் பள்ளம். தோல் அந்த இடத்தில் மட்டும் வெளுத்து, அதன் கீழே மெத்தையும் இறங்கியிருந்தது. அவர் குனிந்தார். மூச்சுச் சத்தம் கேட்டது. மனைவியின் மூச்சு அவருக்குத் தெரியும். அதோடு சேராமல், அதைவிட ஆழமாக, இன்னொரு மூச்சும் ஓடிக்கொண்டிருந்தது. வியர்த்த தலைமுடி வாசனை வந்தது. அவர் பின்வாங்கியதில் கால் நாற்காலியில் இடித்தது. அவர் பார்க்கப் பார்க்கவே பள்ளம் மெல்ல நிரம்பியது, தோலில் ரத்தம் ஓடியது, மெத்தை மேலே வந்தது.

அவள் கண் விழித்தாள்.

"எழுப்பிட்டீங்களே. இப்பதான் தூங்கினான்."

அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். ஐந்து வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அம்மாவின் வலது கைமேல் தலை வைத்தால்தான் தூங்குவான், மற்ற தலையணை எல்லாம் அவனுக்கு ஆகாது. அவன் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவன் பேச்சை எடுத்தால் இருவரில் ஒருவர் உடைந்துவிடுவார் என்று பயந்து, இருவரும் எடுக்காமலேயே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

"அப்பலேர்ந்தே வர்றானா?" என்று டிரைவர் கேட்டார்.

"அப்பலேர்ந்தே. முதல்ல கனமே தெரியாது. அஞ்சு வயசுத் தலை எவ்வளவு இருக்கும்? அப்புறம் வளந்துட்டே வந்தான். இப்ப அவன் காலு கட்டிலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்னு நினைக்கிறேன்."

டிரைவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பயம் போய்விட்டது. அந்த இடத்தில் பொறாமை வந்தது. மாவு மூட்டைக்காரன் இருந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. இதே கட்டிலில் தினமும் ராத்திரி அவரும்தான் படுக்கிறார். ஒரு நாள் கூட அவர் பக்கம் வரத் தோன்றவில்லையே பயலுக்கு.

கை செத்துவிடும் என்று டாக்டர் சொன்னாரே, அப்புறம் ஏன் வாரைக் கழற்றினாய் என்று கேட்டார். கேக்கில் ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது, சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் அடுக்கினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"கையைக் கட்டிக்கிட்டுப் படுத்தா, அவன் எங்க தலை வைப்பான்?"

"நீ சொல்லிப் பாரு. சொன்னாக் கேப்பான்."

"எந்த வாயால போடான்னு சொல்றது? என்னால முடியாதுங்க."

அவளால் முடியாது என்று அவருக்கும் தெரிந்தது. அப்பன் என்று ஒருவன் இருப்பது கண்டிப்பாகப் பேசத்தானே. அவர் எழுந்து நின்றார். யாரும் இல்லாத கட்டிலைப் பார்த்து, பதினான்கு வருஷமாகத் தொண்டையில் துருப்பிடித்துக் கிடந்த குரலை இழுத்துப் பேசினார்.

"டேய். வளந்துட்டேடா. அம்மா கை பாவம், தாங்காது. இனிமே ராத்திரி அப்பாகிட்ட வா. அப்பா கைமேல படுத்துக்க."

திரைகூட அசையவில்லை. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வாரை அவரே கட்டிவிட்டுப் போனார்.

நரம்பு பிழைத்துக்கொண்டது. முதலில் மணிக்கட்டு கொஞ்சமாகத் தலைதூக்கியது, அப்புறம் விரல்கள், கடைசியாகக் கட்டைவிரல். டாக்டரம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பாரம் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லித் தட்டிக்கொடுத்தார். முதலாளி கிரீம் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

டிரைவர் ஒவ்வொரு ராத்திரியும் வலது கையை நீட்டி வைத்துப் படுத்தார். ஸ்டியரிங் பிடிக்கிற கை, போனால் போகட்டும் என்றிருந்தார். கை காற்று மாதிரிக் கிடந்தது. சுவரோடு ஒட்டிப் படுத்து இடம் விட்டுப் பார்த்தார். கையில் முடி குத்துமோ என்று முழங்கைக்கு மேலே மழித்துக்கூடப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பையன் சொன்ன பேச்சைக் கேட்டான், ஆனால் பாதிதான் கேட்டான். அங்கிருந்து போனான், இங்கே வரவில்லை. எங்கே போனான் என்று நினைக்க ஆரம்பித்தால் பஸ் ஓட்ட முடியாது என்று டிரைவர் அதை நினைக்காமல் இருக்கப் பழகினார். முடியவில்லை. இருந்த ஒரே இடத்திலிருந்தும் பெற்றவனே விரட்டிவிட்டேனே என்று நெஞ்சு தினமும் குத்தியது.

அவள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், காலையில் வீடு திரும்பியபோதே, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தானா என்று கேட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் வந்தான் என்று சொல்லிவிட்டார். பொய் ஒரு தரம் வாயை விட்டுப் போனால் போனதுதான். பிறகு தினமும் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் எழுந்ததும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எப்படி? ரொம்பக் கனமா இருந்தானா?"

"கை மரத்தே போச்சு," என்றார்.

அவள் அவர் வலது கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். குணமான கையால், மணிக்கட்டை நன்றாக ஊன்றி, தோளிலிருந்து கீழே வரை அழுத்தித் தேய்த்துவிட்டாள். உங்களையும் ஒரு தடவை டாக்டரம்மாகிட்ட காட்டணும் என்றாள். அவள் முகத்தில் கவலை இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷம் இருந்தது.

"தூங்கறப்ப இன்னும் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் தூங்கறானா?"

டிரைவர் மரத்துப் போகாத கையை அவளிடமே விட்டுவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.