பதினேழு மதிப்பெண்ணும் ஒரு கிண்ணம் நீரும்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். (யாருடைய வெட்கம் என்று இப்போதே கேட்காதீர்கள்.)

முதல் தொடக்கம்: "ஏப்ரல் மாதத்து தாய்லாந்தின் நக்கோன் சவானில் வெயில் ஒரு—"

வேண்டாம். நாற்பத்தொரு டிகிரி, தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. வெயிலுக்கு அவ்வளவு இடம் போதும்.

இரண்டாம் தொடக்கம்: "லிவாய்வாய் கழுத்தில் பாஸ்போர்ட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்." இது இருக்கட்டும்.

2

சொங்க்ரான் என்னும் தண்ணீர்த் திருவிழா வாரத்தில், அதாவது தாய்லாந்துப் புத்தாண்டில், ஊரே செல்போனை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். எந்த முனையிலிருந்து யார் வாளியோடு வருவார்கள் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு வாத்தியார்களான எங்கள் பையில் பாஸ்போர்ட்டும் இருக்கும்.

லிவாய்வாய் பிலிப்பைன்ஸ்காரி. ஒன்பது வருடமாக இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் விசா ஏப்ரல் பதினேழோடு முடிகிறது. குடியேற்ற அலுவலகம் பதின்மூன்றிலிருந்து பதினேழுவரை விடுமுறை. கதை நடக்கும் நாள் பன்னிரண்டு. விசாவை நீட்டிக்க, அன்று மாலை நான்கு மணிக்குள் பள்ளித் தாளாளர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அங்கே கொடுத்தாக வேண்டும்.

கடிதம் தயார். கையெழுத்துதான் இல்லை. காரணம், தாளாளரின் தம்பி மகள் பிம், எட்டாம் வகுப்பு, ஆங்கிலத்தில் பதினேழு.

"ரெண்டு எண்ணையும் இடம் மாத்திப் போட்டா எழுபத்தொண்ணு டீச்சர். பேனா மைகூட அதிகமா ஆகாது" என்றார் தாளாளர் விரச்சாய், ஒரு வாரத்துக்கு முன்னால்.

"பன்னெண்டு பிள்ளைங்க இந்த வெயில்ல வந்து மறுதேர்வு எழுதிட்டுப் போச்சுங்க சார். பிம்மும் வரட்டும். தினம் ஒரு மணி நேரம் நானே சொல்லித் தரேன்."

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "பன்னெண்டாம் தேதி சடங்குக்கு வந்துடுங்க. பெரியவங்க கையில தண்ணி ஊத்தி, செஞ்ச தப்புக்கு மன்னிப்புக் கேக்கறது எங்க வழக்கம். எல்லாம் கழுவிப் போயிடும். மைக்ல கேளுங்க. மார்க்கையும் மாத்திடுங்க. கடிதம் மேசை மேலயே இருக்கும்."*

* நீர் உள்ளங்கையில்தான் விழ வேண்டும். தெருவில் எல்லோரும் தலையில் கொட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் தலையில் ஊற்றுவது புதிதாக வந்த வெளிநாட்டவர் செய்யும் தவறு. முதல் வருடம் நான் ஊற்றினேன். பெரியவரின் மூக்குக் கண்ணாடி பூத்தட்டில் போய் விழுந்தது.

3

கதையில் இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு லிவாய்வாய் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் அம்மாவும் மகளும் இவளை நம்பி இருக்கிறார்கள். ஒரு மதிப்பெண்ணுக்காக யாராவது இப்படி முரண்டு பிடிப்பார்களா? ஒரு வரைவில் இவளைத் தெய்வப் பிறவியாக எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. இவள் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். ஆசிரியர் அறைக் குளிர்பெட்டியில் நான் வைத்த மாம்பழச் சோற்றைத் தின்றுவிட்டு எறும்பு மேல் பழி போட்டவள்.

"வளைஞ்சு போயேன் லிவாய். எல்லாரும் போறதுதானே?" என்று கேட்டேன்.

"எல்லாரும்னா யாருண்ணே? பேர் சொல்லுங்க பாப்போம்."

நான் என் மதிப்பெண் பதிவேட்டை மூடி வைத்தேன்.

4

சடங்கு. பூப்போட்ட சட்டைகள், மல்லிகை மிதக்கும் அண்டா, வரிசையாக நாற்காலிகள். நடுவில் தாளாளர் உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அண்டாவிலிருந்து மொண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தவர் பள்ளிச் சமையல்காரம்மா சோம்ஜித். அவருக்கு அறுபத்தாறு வயது. அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

நீர் ஊற்றும் வரிசையில் லிவாய்க்கு முன்னால் நின்றவன் நான், கணக்கு வாத்தியார். குனிந்து ஊற்றினேன். மைக்கில் மன்னிப்பும் கேட்டேன். தாளாளர் என் தோளில் தட்டினார். தட்டமாட்டாரா? பிம்முக்குக் கணக்கில் இருபத்தேழு. நான் எழுபத்திரண்டு என்று போட்டுக் கொடுத்திருந்தேன். எண்களை இடம் மாற்றும் யோசனை அவருக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

(வெட்கம் யாருடையது என்று கேட்டீர்களே.)

அடுத்து லிவாய் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

5

கையில் மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

(அ) மன்னிப்புக் கேட்கிறாள். கடிதம் கிடைக்கிறது. மூன்றரைக்கு அலுவலகம் போய்ச் சேர்கிறாள். நம்மில் பலர் குடியிருக்கும் முடிவு இதுதான், இதை இளக்காரமாகப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

(ஆ) கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்கிறாள். கைதட்டல் நிச்சயம். எழுதினேன், கிழித்தேன். அவர் துடைத்துக்கொண்டு சிரித்துவிடுவார், பண்டிகைதானே.

(இ) நடந்தது.

"நான் மன்னிப்புக் கேக்க வேண்டியவங்க இங்க ஒருத்தங்கதான்" என்றாள். நீட்டிய கைகளைத் தாண்டி அண்டாவிடம் போனாள். "சோம்ஜித் அக்கா, ஒன்பது வருஷமா உங்க குழம்பு உறைக்குதுன்னு திட்டிக்கிட்டே ரெண்டு தட்டு தின்னிருக்கேன். மன்னிச்சிடுங்க."

"ஏ புள்ள, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? எல்லாரும் பாக்கறாங்கடி! முதல்ல அங்க ஊத்திட்டுக் கடிதத்த வாங்கு!"

"கையை நீட்டுங்கக்கா. தண்ணி சிந்துது."

திட்டிக்கொண்டேதான் அவர் கைகள் நீண்டன. லிவாய் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். சோம்ஜித் ஈரக் கையை அவள் தலையில் வைத்தார். "எங்க இருந்தாலும் வயிறு நெறைஞ்சு இரு" என்றார். அழுதுவிட்டார்.

தாளாளரின் கைகள் அப்போதும் நீட்டியபடியே இருந்தன. லிவாய் கடிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள். தெருவில் வாளிகளோடு வண்டியில் வந்த ஒரு கூட்டம் ஐஸ் தண்ணீரை அவள் மேல் கொட்டியது. அவள் கத்திக்கொண்டே சிரித்தாள். பாஸ்போர்ட் நனையவில்லை.

6

பதினேழாம் தேதி அவள் எங்கே இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குப் போனாள் என்றால் "பார்த்தாயா, பிடிவாதத்தின் பலன்" என்பீர்கள். இங்கேயே இருந்தாள் என்றால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இரண்டுக்கும் நான் இடம் தருவதாக இல்லை.

இந்தக் கதைக்கு முடிவு எழுத உட்கார்ந்தபோது மேசையில் எட்டாம் வகுப்பு மதிப்பெண் பதிவேடு இருந்தது. என் விசாவுக்கு இன்னும் மூன்று மாதம். கடிதம் கேட்டு அதே அறைக்குத்தான் நானும் போக வேண்டும். பிம்மின் எழுபத்திரண்டை அடித்துவிட்டேன். இருபத்தேழு என்று எழுதி, பக்கத்தில் "மறுதேர்வு" என்று போட்டு, என் முழுப் பெயரையும் எழுதினேன்.

வரிசையில் லிவாய்க்குப் பின்னால் நின்றது நீங்கள்தானே? சோம்ஜித் கிண்ணத்தை நிரப்பிவிட்டார். பிடியுங்கள். மைக் போட்டுத்தான் இருக்கிறது.