செம்பவளவல்லிக்கு அழாதவள்

அந்த வருஷம் சங்கரன்கோவிலில் மழை பெய்ததோ இல்லையோ, கண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஊர்க்கோடி டூரிங் கொட்டகையில் 'செம்பவளவல்லி' அறுபது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பனவடலிசத்திரத்திலிருந்து நடந்தே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அழுதது போதாதென்று, எந்தெந்த இடத்தில் அழுதோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி மறுபடியும் அழுதார்கள்.

பிரம்மநாயகி ஒருத்திக்குத்தான் அழுகை வரவில்லை.

கோயில் ஆபீஸ் குமாஸ்தா சிவசுப்பிரமணியனின் மகள் அவள். பத்தொன்பது வயது. இரண்டாவது வாரமே தெருப் பெண்களோடு படத்துக்குப் போனாள். அதில் ராஜகுமாரனைப் பாம்பு கடித்துவிடும். அவன் செம்பவளவல்லியின் மடியில் தலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பாடிவிட்டுச் சாவான். கொட்டகையே தேம்பிக்கொண்டிருந்த நேரத்தில், "கடிபட்டவனுக்கு இம்புட்டு மூச்சு எங்கன இருந்து வருது?" என்று நாயகி கேட்டுவிட்டாள். விஷக்கடி என்றால் கோயில் புற்றுமண்ணைத் தேடி ஓடுகிற ஊர் அது. நியாயமான கேள்விதான். ஆனால் மறுநாள் தெரு முழுக்க அவளுக்குக் 'கல்நெஞ்சுக்காரி' என்று பெயர் வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நமச்சிவாயத்தின் ஜாதகம் வீட்டுக்கு வரும்வரை.

நமச்சிவாயத்துக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. அவனை நாயகி ஒரே ஒரு தடவை கோயிலில் பார்த்திருக்கிறாள். பழம் கொடுக்கப் போனவனின் தோளில் கிடந்த துண்டைக் கோயில் யானை உருவித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டது. வேறொருவனாக இருந்தால் பாகனிடம் சண்டைக்குப் போயிருப்பான். இவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சத்தத்தில் பிராகாரத்துப் புறாக்களெல்லாம் எழும்பிப் பறந்தன. நாயகி வீட்டுக்கு வந்து நாலு நாள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவனைக் கட்டவேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டது அப்போதுதான்.

பத்துப் பொருத்தமும் இருந்தது. குறுக்கே நின்றது பையனின் அம்மா நெல்லையம்மாள். 'செம்பவளவல்லி'யைப் பதினோரு தடவை பார்த்து, பதினோரு தடவையும் முந்தி நனைய அழுத மனுஷி. கொட்டகைக்காரன் அவளைப் பார்த்தால் எழுந்து கும்பிடுவான் என்று ஊரில் பேச்சு. அவள் சொல்லியனுப்பினாள்: "காப்பி பலகாரமெல்லாம் வேண்டாம். செவ்வாக்கிழமை செம்பவளவல்லிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. பக்கத்துல உக்கார வச்சுப் பாத்துக்கிடுதேன்."

பெண்ணைக் கோயிலில் வைத்து யதேச்சையாகப் பார்ப்பதுபோல் பார்ப்பது வழக்கம்தான். பிடிக்காவிட்டால் இரண்டு வீட்டுக்கும் தலைக்குனிவு இல்லை. ஆனால் கொட்டகையில் பெண் பார்ப்பதை ஊர் அதுவரை கண்டதில்லை. நாயகிக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அழாவிட்டால் நமச்சிவாயம் இல்லை.

வழி சொன்னது அவளுடைய மதினி காந்திமதி. "ஏட்டி, எதுக்குக் கலங்குத? பாதிப் பல்லாரியை லேஞ்சிக்குள்ள மடிச்சு வச்சுக்கோ. ராஜகுமாரன் படுத்ததும் கண்ணுல ஒத்து. அருவியா கொட்டும்." சாம்பாருக்கு வாங்கிய பெரிய வெங்காயம் ஒன்றை அவளே வெட்டி, கைக்குட்டையில் மடித்தும் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை முதல் ஆட்டம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஆளுயர மண்சுவர். சுவரை ஒட்டிய பெஞ்சில் நெல்லையம்மாள், அவளை அடுத்து நாயகி, அந்தப் பக்கம் மதினி. நமச்சிவாயம் சுவருக்கு அப்பால் எங்கேயோ இருந்தான். எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நெல்லையம்மாள் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டதோடு சரி.

கொட்டகையில் ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி அணைப்பார்கள். அந்த இடைவெளியில் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொள்வார்கள். அன்றைக்கு ஆபரேட்டருக்கு என்ன கிரகமோ, ராஜகுமாரன் சாகிற ரீலை ஒரு ரீல் முன்னாலேயே மாட்டிவிட்டான்.

யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாம்பு வந்தது, கடித்தது. ராஜகுமாரன் மடியில் சாய்ந்து பாட ஆரம்பித்தான். நாயகி லேஞ்சியைக் கண்ணில் ஒற்றினாள். சும்மா சொல்லக்கூடாது, பல்லாரி தன் வேலையைச் செய்தது. கன்னத்தில் தண்ணீர் வழிவதை நெல்லையம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் முகம் ஏனோ சுருங்கியது. இன்னும் அழவேண்டும் போல என்று நாயகி மறுபடியும் ஒற்றினாள்.

விளக்கு எரிந்து அணைந்தது. அடுத்த ரீலில், செத்துப்போன ராஜகுமாரன் வெள்ளைக் குதிரையில் ஜம்மென்று வந்து இறங்கினான்.

கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு இல்லை. அறுபது நாள் அழுது பழகிய ஜனம், அழுகையை நிறுத்தவே இல்லை. பின்னாலிருந்த ஒரு பெண் விசும்பினாள். "செத்தும் அவளை மறக்க முடியலை பாருங்க, ஆவியா வந்துட்டான்."

ஆவி, செம்பவளவல்லியைத் துரத்திக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடியது. ஒரு மாம்பழத்தைப் பறித்துக் கடித்தது.

நாயகி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள். மதினி தொடையில் கிள்ளினாள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. கோயில் புறாக்களைக் கிளப்பிய அதே சிரிப்பு. நாலைந்து பேர் "யாருவே அது? சும்மா இரும்!" என்று அதட்டினார்கள். அது அடங்குவதாக இல்லை. நாயகிக்கு அணை உடைந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மடியிலிருந்த லேஞ்சி அவிழ்ந்து, பாதிப் பல்லாரி மணலில் உருண்டு நெல்லையம்மாளின் காலடியில் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து விளக்கைப் போட்டுவிட்டான் பாவி.

நெல்லையம்மாள் குனிந்து அதை எடுத்தாள். மோந்து பார்த்தாள். நாயகியின் சிரிப்பு நின்றது. எல்லாம் போயிற்று. பொய்யும் போயிற்று, மாப்பிள்ளையும் போயிற்று. இனி மறைத்து என்ன?

"அத்தை, என்னை மன்னிச்சிருங்க" என்றாள். "எனக்கு இந்தப் படத்துக்கு அழுகை வரமாட்டேங்குது. எம்புட்டோ பாத்துட்டேன், வரலை. உங்க மகனைக் கட்டிக்கிடணும்னு ஆசை. அதான் இப்படிச் செஞ்சேன்."

மதினி தலையில் கைவைத்துக்கொண்டாள். நெல்லையம்மாள் முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, தோலுரித்து நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு இருந்தன.

"பல்லாரி எவட்டி சொல்லித்தந்தா?" என்று காதுக்குள் கேட்டாள். "அது பாதிப் படத்துக்குத் தாங்காது. சின்ன உள்ளிதான் காந்தும். பதினோரு தடவை வந்தவ சொல்லுதேன், கேட்டுக்கோ."

நாயகி வாயைப் பிளந்தாள். "அப்போ நீங்களும்..."

"வீட்டுக்கு வார விருந்தாளி எல்லாம் இதுக்குத்தான் கூட்டிட்டுப் போகச் சொல்லுதாவ. பக்கத்துல உக்காந்து கொட்டாவி விட முடியுமா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"பின்னே என்னைய எதுக்கு இங்கன வரச் சொன்னீங்க, அத்தை?"

"எம் மவன் முத நாளே குறட்டை விட்டவன்" என்றாள் நெல்லையம்மாள். "வாரவ நெசமாவே அழுதுட்டாள்னு வையி, ஆயுசு பூரா மாமியாளும் மவனும் இந்தக் கொட்டாயிலல்லா கிடக்கணும்! நீ அழுத அழுகையைப் பாத்து எனக்குப் பாதி உசிரு போயிட்டு."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். யாரிடமிருந்து மகனுக்கு அந்தச் சிரிப்பு வந்தது என்று நாயகிக்கு அப்போது தெரிந்தது. சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. நமச்சிவாயம் பெஞ்சில் ஏறி நின்றுகொண்டிருந்தான். அம்மாவையும் பார்த்தான், நாயகியையும் பார்த்தான். நாயகியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"ஏலே, பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று நெல்லையம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சிரிச்சது அவுகதானம்மா?"

"அவளேதான்."

"அப்போ பிடிச்சிருக்கு."

"கீழ இறங்கி வெளிய வா. செத்தவன் மறுபடியும் பாடுததுக்கு முன்ன வீட்டுக்குப் போவோம்."

மாமியாரும் மருமகளும் கண் சிவக்க, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, குலுங்கிக்கொண்டே வெளியேறியதைக் கொட்டகையே பார்த்தது. மறுநாள் தெருவில் அதுதான் பேச்சு. சிவசுப்பிரமணியன் மகள் தாங்கமாட்டாமல் அழுது, பாதியிலேயே கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும்படி ஆகிவிட்டதாம். கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன அதே வாய்கள், "அந்தப் பிள்ளைக்கு என்ன இளகின மனசு!" என்றன. நாயகி மறுக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். படம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வந்த உறவுக்கூட்டம் சாப்பிட்டுக் கை கழுவியதும் செம்பவளவல்லியைக் கேட்டது. புதுமாப்பிள்ளையும் பெண்ணும்தான் கூட்டிப்போக வேண்டும் என்று பிடிவாதம் வேறு. நமச்சிவாயம் இப்போதே கொட்டாவி விட்டான். நெல்லையம்மாள் அடுக்களைக்குள் போய்வந்து, மருமகளின் பட்டு முந்தியில் எதையோ முடிந்துவிட்டாள்.

"நாலு வச்சிருக்கேன்" என்றாள். "அவனுக்கும் ரெண்டு கொடு."