மீசை வைத்த கான்ஸ்டபிள்

டைரக்டர் கார்ஸைடு எடுத்துக்கொண்டிருந்த துப்பறியும் படத்தில், ஓர் அப்பாவிக் குமாஸ்தாவைக் கொலைகாரன் என்று நினைத்து லண்டனே துரத்துகிறது. லண்டன் என்றால், ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு தெரு. அதற்கு மேல் படத்துக்கு வசதியில்லை.

ஷாட்டுக்கு ஷாட் உடையும் சாமானும் மாறாமல் பார்த்துக்கொள்வது மியூரியலின் வேலை. போன படத்தில் கதாநாயகன் கோடு போட்ட டையோடு கதவைத் திறந்து, புள்ளி போட்ட டையோடு உள்ளே நுழைந்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று கார்ஸைடு சொல்லியிருந்தார்.

அன்று குமாஸ்தா பெட்டியும் கையுமாக ஓடிவந்தார். தெருமுனையில் கான்ஸ்டபிள் அவர் காலரைப் பிடித்தார். மியூரியல் தொப்பி, பொத்தான், விசில் சங்கிலி எல்லாம் சரிபார்த்தாள். பிரமாதம் என்று கார்ஸைடு கேமராவை நிறுத்தியும் கான்ஸ்டபிள் காலரை விடவில்லை. குமாஸ்தாவை ஸ்டேஷனுக்கு நடக்கச் சொன்னார்.

அப்போதுதான் கான்ஸ்டபிளாக நடிக்க வேண்டிய நார்மன், தெருவில் நின்ற ஸ்டுடியோ வேனுக்குப் பின்னாலிருந்து டீக்கோப்பையோடு வந்து, தன்னைக் கூப்பிட்டார்களா என்று கேட்டார்.

பிடித்தவர் அந்த வழியே ரோந்து வந்த நிஜக் கான்ஸ்டபிள் டாப்செல். துணி துவைக்கும் பிரஷ் போல மீசை. நார்மனுக்கோ மழமழ முகம். அந்த முகத்தோடு ஸ்டேஷன் காட்சியை முந்தின நாளே எடுத்தாயிற்று. மிச்சமிருந்த பிலிம் கோர்ட் காட்சிக்கு மட்டுமே காணும்.

"இவ்வளவு பெரிய மீசைம்மா. உன் கண்ணுல படலையா?" என்றார் கார்ஸைடு.

"விசில் சங்கிலி சரியா இருந்துச்சு சார்."

விசில் கடையில் வேலை காலியிருக்கிறதா என்று விசாரிப்பதாகக் கேமராக்காரர் ஆறுதல் சொன்னார். மியூரியல் இரண்டு கான்ஸ்டபிள்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நாளைக்குத்தானே சார் கோர்ட் சீன்? என்னைப் பிடிச்சவருக்கு மீசை இருந்துச்சு, சாட்சி சொல்றவர் அவரே இல்லைன்னு குமாஸ்தா சொல்லட்டும். யாரு பிடிச்சாங்கன்னே தெரியாத கேஸ் எப்படி நிக்கும்?"

"அப்ப நான் யாரு?" என்றார் நார்மன்.

"பொய்ச்சாட்சி."

"வில்லனா?" இருபது படங்களில் பணக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டவரின் முகம் மலர்ந்துபோயிற்று.

டாப்செல் குமாஸ்தாவின் காலரை விட்டுவிட்டு, மீசை முழுசாகத் தெரிந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை, வேனை மட்டும் ஓரமாக நிறுத்துங்கள் என்றார்.

கார்ஸைடு பைப்பிலிருந்த புகையிலைச் சாம்பலைத் தட்டினார்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார். "காலைல சீக்கிரம் வந்துடு, மியூரியல். ஜட்ஜுக்கு இன்னும் விக் கிடைக்கலை."