பழைய குளிர்பெட்டிக்குக் கேட்ட கூலி

திருச்சி ஜங்ஷன் எதிரில் அழகிரி நடத்திய அசைவ ஹோட்டலில் குளிர்பெட்டி நின்றுபோய் மூன்று நாளாகிவிட்டது. கறியும் மீனும் வைக்கிற ஆளுயரத் தேக்குப் பெட்டி அது. சென்னையிலிருந்து வந்த கம்பெனி ஆள், பதினோரு வருடத்து மெஷினுக்கு இனிச் செலவழிப்பது வீண், புதிது வாங்கிவிடுங்கள் என்றான். ஆனால் ஆர்டர் கொடுத்தால் வந்து சேர நான்கு மாதமாகும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயில்வே அதிகாரிகளுக்கு விருந்து. ரிப்பேர் செய்ய யார் இருக்கிறார்கள் என்று விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அழகிரி பாலக்கரைக்கு ஆள் அனுப்பினார்.

ஜெகபர் அலி சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தச் சமையலறைக்குள் அவர் காலெடுத்து வைத்து ஏழு வருடமாகியிருந்தது.

ஐம்பத்தாறாம் வருடம்வரை அவர் அங்கேதான் மெக்கானிக். அந்தப் பெட்டியை அங்கே நிறுவி, மோட்டாரைப் பூட்டியதே அவர்தான். கரண்ட் பில்லுக்குப் பயந்து அழகிரி இரவில் மெயினை அணைத்துவிட்டு விடிந்ததும் போடுவார். வேண்டாம் என்று ஜெகபர் அலி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். ஒருநாள் முசிறியிலிருந்து வந்த கல்யாணக் கூட்டத்தில், மீன் சாப்பிட்ட பதினாலு பேர் வாந்தியெடுத்து விழுந்தார்கள். மணப்பெண்ணின் அண்ணன் அற்புதசாமி பிழைக்கவில்லை. மெக்கானிக்தான் ரிப்பேருக்காக அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறந்துவிட்டான் என்று அழகிரி கோர்ட்டில் சாட்சி சொன்னார். ஜெகபர் அலிக்கு ஆறு மாதம் கிடைத்தது. கோர்ட் வாசலில் அற்புதசாமியின் தாய் ரோசம்மாள் அவர் முகத்தில் துப்பினாள். சிறையில் நான்காவது மாதம் அவருடைய அத்தா மௌத்தாகிப்போன சேதி வந்தது, அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து. ஒரே மகன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்கவில்லை.

இப்போது அதே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். கம்ப்ரஸரின் தண்டு வெளியே வருமிடத்தில் நுரை குமிழ்விட்டது. சீல் தேய்ந்து கேஸ் கசிந்திருந்தது. அவ்வளவுதான்.

பெட்டி செத்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் குமிழைப் பார்த்தபோது மனம் மாறியது. புதிது வாங்கினால் அழகிரிக்குப் பணம்தான் போகும். போன பணத்தை ஒரே வருடத்தில் எடுத்துவிடுவார். அது போதாது.

"புதுசு வேண்டாம். இந்தப் பெட்டி இன்னும் பத்து வருஷம் ஓடும். ஒரு நாள் வேலை, நான் செய்யறேன்" என்றார்.

அழகிரி முகம் மலர்ந்து, என்ன கூலி என்று கேட்டார்.

"அன்னைக்கு மெயினை அணைச்சது நீங்கதான்னு உங்க கையால எழுதிக் கொடுக்கணும்."

அழகிரி இரண்டு மடங்கு தருகிறேன் என்றார், பிறகு மூன்று மடங்கு. ஜெகபர் அலி ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் ஐஸ் பாளம் வாங்கி அடுக்கிப் பார்த்தார் அழகிரி. வைகாசி வெயிலில் மதியத்துக்குள் எல்லாம் தண்ணீராகிக் கறி நாறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதத்தோடு தானே பாலக்கரைக்கு வந்தார்.

"கேஸ் முடிஞ்சு ஏழு வருஷமாச்சு, பாய். இதை வெச்சு என்ன பண்ணப் போற?"

"வீட்டுல வெச்சுக்கத்தான்."

ஜெகபர் அலி இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை நீட்டி, கோர்ட்டில் சொன்னது பொய் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அழகிரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

சனிக்கிழமை காலையில் சீலை மாற்றி, பெல்ட்டை மாற்றி, கேஸ் நிரப்பினார். மத்தியானத்துக்குள் உள்ளே பனி பூத்துவிட்டது. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நடக்கப்போவதற்கு யாரும் பெட்டியைக் காரணம் சொல்லக் கூடாது என்பது அவர் எண்ணம்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் முசிறிக்குப் போனார். அவரைக் கண்டதும் ரோசம்மாள் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவர் பின்னால் நின்ற அவள் மகளிடம் கடிதத்தைக் கொடுத்தார். அன்றைய மணப்பெண் அவள்தான். அவள் படிக்கப் படிக்க ரோசம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு வருஷமா உன்னையில்ல சபிச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அழகிரியின் ஹோட்டலில் பெரிய விருந்து இருக்கிறது என்று ஜெகபர் அலி சொன்னார். திருச்சிக்கு அடுத்த பஸ் எப்போது என்று அவளே கேட்டாள்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இலைகளில் பிரியாணியும் வறுத்த மீனும் வைத்திருந்தார்கள். ஜெகபர் அலி ரோட்டிலேயே நின்றுகொண்டார். கூடத்தின் நடுவில் மகள் கடிதத்தை வாய்விட்டு வாசித்தாள். அழகிரி பிடுங்க ஓடிவந்தார். ரோசம்மாள் குறுக்கே நின்றாள்.

"நல்லா சாப்பிடுங்க. என் மகனும் இங்கதான் கடைசியா சாப்பிட்டான்" என்றாள் எல்லாரையும் பார்த்து. குரலை உயர்த்தவேயில்லை.

முதலில் ஒரு அம்மாள் குழந்தையின் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அழகிரி வாசல்வரை ஓடிக் கெஞ்சினார். அப்போதுதான் ரோட்டோரத்தில் நின்ற ஜெகபர் அலியைப் பார்த்தார். ஜெகபர் அலி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த மனிதர்மேல் கொஞ்சமாவது இரக்கம் வருகிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தார். வரவில்லை.

ரோசம்மாளும் மகளும் வெளியே வந்ததும், வெயிலாயிருக்கிறது என்று சொல்லி எதிர்க் கடையில் அவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.