அடாப்டர் தேவைப்படாத மெஷின்

மூன்றாம் ஓலை வாசிக்க இன்னும் முப்பத்தெட்டு மணி நேரம் இருந்தபோது பாஸ்கல் அந்த மெஷினைக் கொண்டுவந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை. ஞாயிறு காலை ஏழரைப் பூசையில் சாமியார் கல்யாண அறிவிப்பு ஓலையில் என் பெயரையும் வளன் பெயரையும் கடைசி முறையாக வாசிப்பார். முந்தின இரண்டு ஞாயிறும் வாசித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பார். கோயிலில் யாராவது இருமுவார்கள். ஒரு குழந்தை அழும். மூன்றாம் முறையும் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கடுத்த வாரம் கல்யாணம்.

வளன் மணப்பாட்டுக்காரர். கப்பலில் ஃபிட்டர். நான்கு மாதம் முன்பு கப்பல் ஏற மும்பை போனார். சிங்கப்பூரில் இறங்கி வருகிற புதன்கிழமை ஊருக்கு வருவதாக ஏற்பாடு. பாஸ்கல் அவருடைய சித்தப்பா மகன். இங்கே தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை.

"சிங்கப்பூர்ல இருந்து அண்ணன் குடுத்து விட்டிருக்கான், மைனி" என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். கல்யாணத்துக்கு முன்பே அண்ணி முறை வைத்து மைனி என்பான். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதற்காகவே சொல்வான்.

ஞானபாய் அத்தை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு. "கப்பல்காரன் வெறுங்கையோட மூணு ஓலையும் வாசிக்க விட்டுருவானோ?" என்று இரண்டு வாரமாகத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தவள். அந்தக் கேள்வி மணப்பாடு வரை போயிருக்க வேண்டும். பையை அவளே பிரித்தாள்.

ரோஸ் நிறத்தில் ஒரு மெஷின். மூடியைத் திறந்தால் கீழே பன்னிரண்டு குழி, மேலே பன்னிரண்டு குழி.

"ஏளா, இது குழிப்பணியாரச் சட்டில்லா! இதுக்குப் போயா சிங்கப்பூரு?"

"பணியாரச் சட்டிக்கு மேல குழி கிடையாதே" என்றாள் அம்மா.

"அப்ப பணியாரத்தத் திருப்பிப் போடச் சடைஞ்சவன் எவனோ கண்டுபிடிச்சிருக்கான்."

கேக் பாப், என்றேன். உருண்டையாகக் கேக் சுட்டு, குச்சியில் குத்தி, சாக்லேட்டில் முக்குவது. போன வருடம் அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டு வளனிடம் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு தடவை. அவர் அதை ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு அந்த நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இதுக்குப் பெட்டி எங்கலே?" என்று அம்மா கேட்டாள்.

"இடத்த அடைக்கும்னு அங்கனயே கழிச்சிட்டானாம், பெரியம்மா."

நான் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததில்லை. அடாப்டர்கள்தான் இருக்கும். அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவு போய் வருகிறவர். இப்போதும் அங்கேதான் இருந்தார். மாமாக்கள் இருவர் கப்பலில். வெளியிலிருந்து வரும் அயன்பாக்ஸ், மிக்ஸி, ஹீட்டர் எதுவும் எங்கள் சுவரில் நேராக நுழையாது. கடல்காரர் வீடுகளில் இந்த டப்பா இருக்கும். சிங்கப்பூர்ப் பிளக்கின் கால்கள் மூன்றும் தட்டையாக இருக்கும். அதற்கான அடாப்டரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, மெஷினின் வயரைப் பிரித்தேன்.

உருண்டையான மூன்று கால்.

சுவரில் வைத்து அழுத்தினேன். நேராக உள்ளே போனது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"டப்பாவே வேண்டாம் போலுக்கே! கெட்டிக்காரப் பையன், பாத்து வாங்கியிருக்கான்" என்றாள் அம்மா.

பிளக்கை உருவித் திருப்பிப் பார்த்தேன். மாற்றிப் போட்டிருந்தால் திருகு இருக்கும். இது வயரோடு சேர்த்து வார்த்தது. நிமிர்ந்து பாஸ்கலைப் பார்த்தேன். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காப்பி வேண்டாம் பெரியம்மா, ஆபீசுல வேலை கெடக்கு" என்று எழுந்து போய்விட்டான்.

ஏழு மணிக்கு வளன் பேசினார்.

கல்யாணம் பேசி முடித்த புதிதில் அவர் வேறு கப்பலில் இருந்தார். அப்போதெல்லாம் நான் ஏதாவது சொன்னால் அவருடைய சிரிப்பு ஒரு விநாடி கழித்து வரும். சாட்டிலைட் வரை போய்த் திரும்ப வேண்டுமே. அந்த ஒரு விநாடியில், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு வியர்த்துவிடும். இந்த நான்கு மாதமாகச் சிரிப்பு உடனுக்குடன் வந்தது. புதுக் கப்பலில் நெட் நன்றாக இருக்கிறது என்றார். நானும் நம்பினேன். பேசப் பேச நெருக்கம் கூடுகிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

"மெஷின் வந்துட்டா?"

"வந்துச்சு. எந்தக் கடையில வாங்குனீங்க?"

"இங்கனதான், ஒரு கடையில. ஏன், ஓடலையா?"

"ஓடுது. அடாப்டர் தேவைப்படல."

பதில் வரவில்லை. ஒரு விநாடி. இரண்டு. மூன்று. இந்தத் தாமதத்துக்கும் சாட்டிலைட்டுக்கும் சம்பந்தமில்லை.

"நல்லதுதான" என்றார்.

அன்று படுத்த பிறகு யோசித்தேன். ஆன்லைனில் வாங்கி இங்கே இறக்கியிருக்கலாம். அதில் குற்றமில்லை. அப்படியானால் சிங்கப்பூர் என்று ஏன் சொல்ல வேண்டும்? பெட்டியை ஏன் கழிக்க வேண்டும்? பி.எஸ்சி. பிசிக்ஸ் லேபில் ஒரு அளவு மட்டும் இடித்தால் கருவியைச் சந்தேகப்படுவோம். இரண்டு வேறு கருவிகள் ஒரே பக்கம் காட்டினால் கருவியைச் சந்தேகப்பட முடியாது. பிளக் ஒன்று. குரல் ஒன்று. இரண்டும் சொன்னது ஒன்றுதான். அவர் கடலில் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவுக்கெல்லாம் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அனுப்பிய மெஷினில் செய்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அத்தை ஒரு சொம்பு நிறைய மஞ்சள் கரு கொண்டுவந்தாள். அவள் வீட்டில் ஆர்டருக்கு மக்ரூன் போடுகிறவள். மக்ரூனுக்கு வெள்ளைக் கரு போதும். மஞ்சள் கரு வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

முதல் ஈடு கெட்டுப்போனது. குழி நிறைய மாவு விட்டேன். அது பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒவ்வொரு உருண்டைக்கும் இடுப்பில் ஒரு வளையம்.

"சனி கிரகம் மாதிரி இருக்கு" என்றேன்.

"ஓலை வாசிக்கப் போற வீட்டுல சனியனப் பேசாத" என்றாள் அம்மா.

அடுத்த ஈட்டுக்கு மாவைக் குறைத்தேன். மேல் குழியைத் தொடாமல் தலை சப்பையாக வந்தது. மூன்றாவது தடவை ஒரு குழிக்கு ஒரு கரண்டி என்று கண்டுபிடித்தேன். பச்சை விளக்கு வந்ததும் விட்டு, மூடி, நடுவில் திறக்காமல் விட்டால் உருண்டை உருண்டையாகக் கழன்று வந்தது. குச்சியின் நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டுவிட்டுக் குத்த வேண்டும். இல்லாவிட்டால் முக்கும்போது கேக் கழன்று சாக்லேட்டுக்குள் விழுந்துவிடும். இதையும் இரண்டு விழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

முக்கி எடுத்ததை நிறுத்திக் காயவைக்க ஒன்றும் இல்லை. அத்தை மீன் ஐஸ் பெட்டியின் தெர்மகோல் மூடியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி எடுத்து வந்தாள். குத்தி நிறுத்தினோம். லேசாக மீன் வாடை வந்தது.

"பரவால்ல, சீலா வாடைதான். நல்ல மீனு" என்றாள்.

வேலை செய்துகொண்டே பேசுவாள் அத்தை. "மும்பையில கப்பல் ஏறுதேன்னு போறவன்லாம் கப்பல்லயா ஏறுதான்? என் கொழுந்தன் மவன் ஒருத்தன், ஏழு மாசம் நடுக்கடல்ல நிக்கேன், நிக்கேன்னான். போய்ப் பாத்தா அந்தேரில ஒருத்தி கூட வீடெடுத்துக் கெடக்கான். ஒரு பிள்ளை வேற."

"இன்னைக்கு இந்தக் கதையெல்லாம் வேணுமா உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"நம்ம வளனையா சொல்லுதேன்? பொதுவாச் சொல்லுதேன்."

என் கையிலிருந்த உருண்டை நழுவி மறுபடி சாக்லேட்டுக்குள் விழுந்தது.

வேறொரு பெண் என்றால் பூசைக்கு முன்பே சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலை போய்விட்டது என்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எதுவென்று தெரிய வேண்டுமே. தெரியாமல் கோயிலில் உட்கார்ந்து, தடை உண்டா என்று கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தால், நாளைக்கு யார்மேல் குற்றம் சொல்வேன்? பிளக்கை வைத்துக்கொண்டு சாமியாரிடம் என்ன சொல்வது? சாமி, கால் உருண்டையாக இருக்கிறது என்றா? வளனிடம் கேட்டால் போனை வைத்துவிடலாம். பாஸ்கலிடம் கேட்டால் வாசலைப் பார்ப்பான்.

நான் நான்கு கேக் பாப்புகளைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் பாஸ்கல் வந்தான். சனிக்கிழமைதோறும் மணப்பாட்டுக்கு பைக்கில் போகிறவன். வளனின் அம்மாவுக்குக் கொடுத்துவிட அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். வந்ததும் ஒன்றைக் கடித்தான்.

"நல்லாருக்கே மைனி! லேசா கடல் வாசம் வேற."

"வாய மூடிட்டுத் தின்னுலே" என்றாள் அத்தை.

அம்மா பெரிய தூக்குவாளியை அவன் கையில் கொடுத்தாள். பிறகு நான் என் டப்பாவை நீட்டினேன். எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்.

"இது அவருக்கு. நாலுதான் இருக்கு. சாக்லேட் இளகிரும், இன்னைக்கே சாப்பிட்டுறச் சொல்லுங்க."

"சரி மைனி. போன உடனே குடுத்துருதேன்."

டப்பாவை வாங்கித் தூக்குவாளியின் மேல் வைத்தான்.

முதலில் சிரித்தது அத்தைதான். "எங்கலே போன உடனே? சிங்கப்பூருக்கா? பைக்குலயா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"மைனி... சத்தியம் வாங்கியிருக்கான் எங்கிட்ட."

"எங்க?"

அவன் கண் மறுபடி வாசலுக்குப் போனது. நேற்றும் ஏன் அங்கேயே பார்த்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"தெருமுக்குல நிக்கான். நேத்தும் வந்தான். உங்க வாசலப் பாத்துட்டுப் போயிருவான். மெஷின நாந்தான் இங்கன கடையில வாங்குனேன். இதுதான் வாங்கணும்னு அவன் சொன்னான்."

டப்பாவை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு நான் இறங்கி நடந்தேன். பின்னால் அம்மா, "ஏளா, எங்க போற? கல்யாணப் பொண்ணு தெருவுல ஓடுதான்னு பேசுவாவளே" என்றாள். நான் ஓடவில்லை. நடந்தேன். திரும்பிப் பார்க்காமல்.

தெருமுக்கில் ஐஸ் பாக்டரிச் சுவர் ஓரம் பாஸ்கலின் பைக். அருகே ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர். நிச்சயத்துக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை. அது தோளிலிருந்து வழிந்து தொங்கியது. உள்ளே ஆள் பாதிதான் இருந்தார்.

என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் இன்னும் ஒரு எட்டு வைத்தேன். அவர் ஒரு எட்டு பின்னால் போனார். மறுபடி வைத்தேன். மறுபடி போனார். சுவர் தட்டியது.

"கிட்ட வராத, விஜிலா."

அதற்குள் அம்மாவும் அத்தையும் மூச்சு வாங்க வந்து சேர்ந்துவிட்டார்கள். பாஸ்கல் தூக்குவாளியோடு பின்னால் நின்றான்.

"எவ கூடலே இருந்த இவ்வளவு நாளும்?" என்று அத்தை சத்தம் போட்டாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எவ கூடயும் இல்ல அத்தை. நாசரேத்துல ஒரு ரூம்ல, தனியாத்தான் இருக்கேன். எங்கம்மைக்கும் தெரியாது."

"அப்ப என்னத்துக்கு ஒளிஞ்ச?"

அவர் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். மூடியின் வழியாக நான்கு உருண்டைகளும் தெரிந்தன.

"நாளைக்கு ஏழரைக்குச் சாமியார் கேப்பாரு" என்றேன். "அதுக்கு முந்தி நான் கேக்கேன். என்ன தடை?"

"தள்ளி வைக்கச் சொன்னா ஏன்னு கேப்பீங்கன்னு... ரெண்டு மாச மருந்துதான் பாக்கி, முழுசா முடிச்சிட்டுச் சொல்லிரலாம்னு..." குரல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. "இப்ப யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத்தான் பயம் போகல."

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

யாரையும் சத்தமாகப் பேசச் சொன்னவள் இல்லை நான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டப்பாவைத் திறந்து அவருக்கு நேராக நீட்டியபடி நின்றேன். அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"மும்பையில எக்ஸ்ரே பாத்துட்டுக் கப்பல்ல ஏத்தல" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு டி.பி."