கழற்றிய வளையம்

கூடைப்பந்து மைதானத்தின் பலகை மேல் கல்லூரிச் செயலரின் படம் போட்ட பெரிய பிளக்ஸைக் கட்டினார்கள். வளையம் துருத்திக்கொண்டு சரியாக அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. பிளக்ஸைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம். வளையத்தைக் கழற்றிவிட்டார்கள்.

நான் விஜி, இந்த ராஜபாளையத்துப் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. விழா எதற்கு என்றால், இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் கூடைப்பந்து அணி பல்கலைக்கழகக் கோப்பையை வாங்கியதைக் கொண்டாட. அந்த அணியில் நானும் இருந்தேன், பெரும்பாலும் பெஞ்சில். கூடைப்பந்தைக் கொண்டாடுவதற்காக வளையத்தைக் கழற்றிய கல்லூரி உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதனால் ஒரு வாரமாகப் பயிற்சி இல்லை. அதுகூடத் தொலையட்டும். விழா வைத்த அதே நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு மண்டலப் போட்டியின் முதல் சுற்று. அட்டவணை எப்போதோ வந்துவிட்டது. பிரின்சிபாலிடம் தொண்டை வற்றச் சொன்னேன்.

"செயலருக்கு ஜோசியர் குறிச்சுக் கொடுத்த நாள் விஜி. மாத்த முடியாது."

இந்த வருடமும் முதல் சுற்றைத் தாண்டாவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் கார் நிறுத்தக் கொட்டகை போடுவோம் என்று சொன்னவரும் இதே அம்மாதான்.

விழா அது பாட்டுக்கு நடக்கட்டும், நாங்கள் போய் ஆடிவிட்டு வருகிறோம் என்றேன். அதற்கும் வழியில்லை. வாசலில் பன்னீர் தெளிக்க, சந்தனம் கொடுக்க உயரமான பெண்கள் வேண்டுமாம். உயரமான பெண்கள் என் அணியில் இல்லாமல் வேறு எங்கே இருப்பார்கள்? கேப்டன் அல்ஃபியாவிலிருந்து பாண்டிசெல்வி வரை எல்லாரும் பட்டுப்புடவை கட்டி, ஆளுக்கொரு தாம்பாளத்தோடு நின்றார்கள்.

"வரவேற்பு முடிஞ்சதும் வேன்ல ஏத்தி விட்டுடுறேன் விஜி."

எந்த வேனில்? விழாவுக்கு வந்த பழைய அணிக்காரர்களை அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிப்போன வேன் மதியச் சாப்பாடு ஆறிய பிறகுதான் வந்தது. வந்ததும் டீசல் போடப் போய்விட்டது. செயலர் பேசினார். பேசினார் என்றால், முடிக்கிற மாதிரி தெரியவில்லை.

அடுத்து எங்கள் பழைய கேப்டன் ஆவுடையம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"ஃபைனல் அன்னைக்குத்தான் கல்லூரி ஆண்டுவிழா. அப்ப இருந்த பிரின்சிபால் விழாவையே தள்ளி வச்சிட்டு எங்களை ஆட அனுப்பினாவ."

பலத்த கைதட்டல். எல்லாரையும் விட நன்றாகத் தட்டியவர் இப்போதைய பிரின்சிபால்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மேடையில் கோப்பைக்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டு வைத்து, மாலை போட்டு ஒரு பந்து இருந்தது. எங்களிடம் காற்று நிற்கிற பந்து அது ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"தாம்பாளத்தைக் கீழ வைங்கட்டி. பையை எடுங்க."

பட்டுப்புடவையோடு டவுன் பஸ்ஸில் ஏறினோம். கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று கண்டக்டர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துக்குள் ஓடி நுழைந்தபோது எதிரணியின் பயிற்சியாளர் சாம்சன் சார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"செத்த நேரம் பொறுங்கன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன் மேடம். நடுவர் கேக்கல. வாக்கோவர்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

அவ்வளவுதான். ஆடாமலே தோற்றோம். அணி போயிற்று. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அல்ஃபியா என்னையும் எதிரணிப் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவிய இன்னும் நிக்காவ மேடம். சும்மாவாச்சும் ஆடிட்டுப் போவமே."

சாம்சன் சார் விசிலை எடுத்தார். எங்கள் பெண்கள் ஜெர்சி மாட்டி வந்தார்கள். தலையில் மல்லிகைப்பூ அப்படியே இருந்தது, பந்தில் குங்குமம் அப்படியே இருந்தது. கணக்கில் வராத ஆட்டம்தான். ஆனாலும் பாண்டிசெல்வி ஒரு பாஸைக் கோட்டைவிட்டபோது என் உயிரே போனது. கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது.

போன் அடித்தது. பிரின்சிபால்.

"எங்க போயிட்டீங்க விஜி? குரூப் போட்டோ எடுக்கணும், பந்தைக் காணோமே?"

"எங்கிட்டதான் இருக்கு மேடம். இங்க வாக்கோவர் கொடுத்துட்டாங்க."

"பாத்தீங்களா! அந்த டீம் மாதிரி இனிமே வருமா?" பெருமூச்சு விட்டார். "சரி, பந்தையாவது சீக்கிரம் கொடுத்தனுப்புங்க."

"அந்த டீம்ல நானும் இருந்தேன் மேடம். எங்களை யாரும் தாம்பாளம் தூக்க வைக்கல."

அவர் வாயைத் திறப்பதற்குள் பாண்டிசெல்வி எம்பிப் போட்ட பந்து வளையத்துக்குள் விழுந்தது.

"பந்து இப்ப வராது மேடம், வேலையா இருக்கு. நீங்க கழட்டி வச்சிருக்கிற வளையத்தைக் கையில புடிச்சு போட்டோ எடுத்துக்கங்க."

போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த குரலில் கத்தினேன்.

"ஏட்டி அல்ஃபியா, ஆளை விடாதே!"