மூன்றாவது எதிரி

கிளாட்சன் பேப்பரை மடித்து மனைவி பக்கம் நீட்டினான்.

"இது உன்கூடப் படிச்ச பொண்ணு தான?"

ஜாய்ஸ் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஆமா" என்றாள். அந்தப் படத்தை அவள் விடிந்ததுமே போனில் பார்த்துவிட்டாள். இரண்டு பெண் போலீஸுக்கு நடுவில் ஜீப்பிலிருந்து இறங்கும் பிரியதர்ஷினி. தலை குனியவில்லை, முகத்தை மூடவில்லை. டால்பின் கறி விற்பதை அம்பலப்படுத்தப் பெட்டியையே திருடிய நல்லவாடு மீனவர் மகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"பட்டப்பகல்ல பார்சல் ஆபீஸ்ல பூந்து தூக்கிகினு வந்திருக்குது. இன்னா நெஞ்சுரம் பாரு அந்தப் பொண்ணுக்கு."

தோசை கருகியது. ஜாய்ஸ் அதைச் சுரண்டி எடுத்துத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டாள்.

கிளாட்சனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவள் பிரியதர்ஷினி இல்லை, ஜாய்ஸ்தான்.

கிருமாம்பாக்கத்துக்கு அந்தாண்டை இருக்கும் கருவாட்டுக் கம்பெனியில் ஜாய்ஸுக்குப் பேக்கிங் வேலை. நான்கு வருஷமாகப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். ஆறு மாதத்துக்கு முன்பு சுறாக் கருவாடு என்ற லேபிளோடு ஒரு சரக்கு வர ஆரம்பித்தது. நிறம் கறுப்பு, ஓரத்தில் விரல் தடிமனுக்கு வெள்ளைக் கொழுப்பு. சுறாவுக்கு ஏது அப்படிக் கொழுப்பு? ஒருநாள் உப்புத் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். வெட்டிப்போட்ட வால் ஒன்று கிடந்தது. மீன் வால் நட்டுக்குத்தலாக நிற்கும். இது படுக்கைவாட்டில் விரிந்திருந்தது. டால்பின். கரையில் ஓங்கில் என்பார்கள். வலையில் தெரியாமல் மாட்டினால்கூட அவிழ்த்துவிட வேண்டிய ஜீவன்.

வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள். அதனால் பிரியதர்ஷினியிடம் சொன்னாள். பாகூர் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சு. அங்கே ஜாய்ஸ்தான் முதல் ரேங்க், பிரியதர்ஷினி இரண்டாவது. அப்புறம் ஜாய்ஸுக்குக் கல்யாணம் ஆனது. பிரியதர்ஷினி விலங்கியல் படித்து, கடல் உயிரினங்களைக் காக்கிற ஒரு குழுவில் சேர்ந்தாள்.

பெட்டி எந்த நாளில் எந்த வண்டியில் வில்லியனூர் பார்சல் ஆபீஸுக்குப் போகும், எந்த நேரம் அங்கே ஆள் சாப்பிடப் போவார் என்பதெல்லாம் ஜாய்ஸ் விசாரித்துச் சொன்னது. மூடுவதற்கு முன் பெட்டியைக் கறியோடு படம் எடுத்து அனுப்பியதும் அவள்தான். பிரியதர்ஷினியும் குழுவில் இருந்த அன்புராஜும் உள்ளே போனார்கள், தூக்கினார்கள், ஸ்கூட்டரில் வைத்து நேரே வனத்துறை ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுபோய் வீடியோ எடுத்தபடியே திறந்தார்கள். சாயந்திரம் திருட்டு வழக்கில் இரண்டு பேரும் கைது.

"உன் பேரு எங்கயும் வராது. சத்தியம்" என்று பிரியதர்ஷினி முன்பே சொல்லியிருந்தாள். ஜாய்ஸும் சரி என்றாள். அப்போது அது நிம்மதியாகத்தான் இருந்தது.

வீடியோவில் பிரியதர்ஷினி, "எங்களுக்குத் தகவல் கெடச்சுது" என்கிறாள். அவ்வளவுதான். ஆறு மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்ததும், பயந்து பயந்து விசாரித்ததும் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டன. ஜாய்ஸ் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் பிரியதர்ஷினி பேச்சு. மாதா கோயிலில் பூசை முடிந்து பெண்கள் கூடி நின்ற இடத்திலும் அதே பேச்சு. யாரோ அவளுக்காக ஜெபம் பண்ணச் சொன்னார்கள். ஜாய்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள், உதடு அசையவில்லை.

ஐந்தாம் நாள் செய்தி திரும்பியது. அந்தக் கறி எங்களுடையதே இல்லை, நாங்கள் அனுப்பியது சுறா, திருடியவர்களே மாற்றி வைத்துவிட்டார்கள் என்று கம்பெனி சொன்னது. பெட்டியில் இருந்தது டால்பின்தான் என்று ஆய்வில் தெரிந்தது, ஆனால் வைத்தது யார் என்பதற்குச் சாட்சி இல்லை. டால்பின் கறி வைத்திருந்த வழக்கும் கைதான இருவர் மேலேயே திரும்பும்போல் இருந்தது.

'நான் அனுப்பின போட்டோவ ஏன் காட்டல?' என்று ஜாய்ஸ் யோசித்தாள். வந்த பதில் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அதைத்தான் நம்பினாள். காட்டினால் எடுத்தது யார் என்று கேட்பார்கள். பேரைப் பங்கு போட பிரியதர்ஷினிக்கு மனசில்லை.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் தங்கவேல் பேக்கிங் பெண்களை வரிசையாக நிறுத்தினார்.

"வெளிய சொன்னது யாரு? இப்பவே சொல்லிட்டா நல்லது."

ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஜாய்ஸிடம் வந்தபோது நிற்கக்கூட இல்லை.

"நீ போம்மா, போய் லேபிள் ஒட்டு. உனுக்கு ஏது அவ்ளோ துணிச்சல்? இதெல்லாம் அந்த நல்லவாட்டுப் பொண்ணு மூள."

தப்பித்தோம் என்று வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். ஜாய்ஸுக்குக் காது இரண்டும் எரிந்தன. ஒரு பெட்டிக்கு லேபிளைத் தலைகீழாக ஒட்டினாள், பிய்த்து மறுபடி ஒட்டினாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கேட்டைத் தாண்டி நடந்து, கடலூர் ரோட்டில் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தாள்.

பிரியதர்ஷினிக்கு ஆஜராகும் வக்கீல் ருக்குமணி போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெட்டி, கறி, பின்னால் உப்புத் தொட்டி. மூடியின் உள்பக்கம் மார்க்கரில் ஒரு எண்ணும் 'ஜா' என்ற எழுத்தும்.

"இது யார் எழுத்து?"

"என்னுதுங்க. எட குறையுதுன்னு யாராச்சும் சொன்னா, யாரு கட்டுன பெட்டின்னு தெரியணும்னு உள்ள எழுதச் சொல்லுவாங்க."

"திருட்டுக்கு முந்தின நாள் தேதி இருக்கு." ருக்குமணி கண்ணாடியைக் கழற்றினார். "இத நான் கோர்ட்ல குடுத்தா நீங்களும் கேஸுக்குள்ள வருவீங்க. திருட்டுக்கு உடந்தைன்னு போடுவாங்க. வேலையும் போயிடும்."

"பேரு வருமாங்க?"

"வரும்."

"அப்ப எழுதுங்க."

நீதிமன்றத்தில் படம் போனது. மூடியிலிருந்த எழுத்தும் ஜாய்ஸின் எழுத்தும் ஒத்துப்போயின. வனத்துறை கம்பெனிக்குள் புகுந்து ஏழு மூட்டை டால்பின் கறி எடுத்தது. மேனேஜரும் தங்கவேலும் கைதானார்கள். டால்பின் கறி வழக்கு கம்பெனி மேல் திரும்பியது. திருட்டு வழக்கு மட்டும் மூன்று பேர் மேலும் அப்படியே நின்றது. பிரியதர்ஷினிக்கும் அன்புராஜுக்கும் பதினோராம் நாள் ஜாமீன் கிடைத்தது. ஜாய்ஸுக்கு ருக்குமணி முன்ஜாமீன் வாங்கினார்.

வீட்டில் கிளாட்சன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லத் தெரியல. நான் இன்னா, கம்பெனிக்காரனுக்கா போயி சொல்லிடப் போறேன்?"

அவன் குரலில் இருந்தது என்னவென்று ஜாய்ஸுக்குத் தெரிந்தது. தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று இத்தனை நாள் அவள் நெஞ்சில் கிடந்த அதே எரிச்சல். சாப்பாட்டுப் பையை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

முதல் வாய்தாவுக்குக் கோர்ட் வராந்தாவில் பிரியதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். ஜாய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்ததும் திரும்பாமலே பேசினாள்.

"ஏன்டி வந்த?"

"நீ மாட்டிக்கின..."

"உன்ன நான் கூப்பிட்டனா? அந்த போட்டோவ ஜீப்ல ஏறுறதுக்கு முன்னாடியே அழிச்சேன். யாரு அனுப்புனதுன்னு தெரிஞ்சிடக்கூடாதுன்னு. தகவல் சொன்னது யாருன்னு கேட்டுகினே இருந்தாங்க. பதினோரு நாள் வாயத் தொறக்கல. எல்லாத்தையும் ஒரு மதியத்துல வீணாக்கிட்டியே."

ஜாய்ஸ் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். உன்னைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அழகாகவும் இருக்கும்.

"நான் உனக்காக வர்ல பிரியா" என்றாள். "உன் படத்தப் பேப்பர்ல பாத்து வயிறு எரிஞ்சுது. கண்டுபுடிச்சது நான், பேரு உனக்கான்னு இருந்துது. போட்டோவ நீ வேணும்னே மறைச்சிட்டன்னு நெனச்சேன். பேரு வருமான்னு வக்கீலக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன்."

பிரியதர்ஷினி இப்போது திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஜாய்ஸ் காத்திருந்தாள். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"அங்க ராத்திரில கொசு எப்படி கடிக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து, இடையில் தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாள்.

மன்னிப்புக் கேட்கலாமா என்று ஜாய்ஸ் யோசித்தாள். வார்த்தை கூடி வருவதற்குள் கதவு திறந்து கோர்ட் ஊழியர் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் எதிரி பிரியதர்ஷினி. எழுந்து போனாள். இரண்டாவது எதிரி அன்புராஜ். தூணோரம் நின்றிருந்தவன் போனான்.

"மூன்றாவது எதிரி, ஜாய்ஸ் மேரி."

"இருக்கேங்க" என்றாள். குரல் தேவைக்கு மேலே ஓங்கி வந்துவிட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவள் உள்ளே போனாள்.